கசான் கோட்டையில் ஒரு வெற்றிடம்

வோபர்ன் அடுக்குமாடியின் பொது அறைக்குள் மாசி வெயில் வருகிறது, சூடில்லாமல். நாளைய பல்லின விழாவுக்காக, மேல்மாடிக் கலீனாவும் ரினாத்தும் தங்கள் ஊரான கசானின் கோட்டையை அட்டையில் கட்டுகிறார்கள். ரினாத் தத்தார் முஸ்லிம், மனைவி கலீனா ருஷ்யர். அவர்களின் உடைந்த ஆங்கிலம் என் காதில் தமிழாகவே விழுகிறது. வெள்ளை மதிலுக்குள் நீலக் குமிழ்முடிகளோடு ஒரு தேவாலயம். அருகே அடுக்கடுக்காய் மெலிந்து உயரும் கோபுரம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. "உதுக்குப் பசை காணாதோ?" என்கிறாள் என்னோடு வந்த கோணேஸ்வரி. "ஊரிலையும் சரிவுதான்" என்று சிரிக்கிறார் ரினாத். மதிலோரம் ஓரிடம் வெறுமையாகக் கிடக்கிறது. கலீனா ஒரு பிளாஸ்டிக் மரத்தை எடுக்கிறார். "இதிலை வைப்பம், வடிவாயிருக்கும்." ரினாத் அந்த இடத்தைக் கையால் பொத்துகிறார். "வேண்டாம். பள்ளிவாசல் நிண்ட இடம். உங்கட ருஷ்ய ராசா வந்து இடிச்சது." "அது நானூறு வருசத்துக்கு மேலை. நானோ இடிச்சனான்?" "நீர் இடிக்கேல்லை. மரத்தை வைச்சு மறைக்கப் பாக்கிறீர்." கோணேஸ்வரி விரலில் காய்ந்த பசையை உரிக்கிறாள். கலீனா மரத்தைச் சட்டைப்பைக்குள் போடுகிறார். பிறகு பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் பரப்புகிறார்: குமிழ்முடிகளில், கோபுரத்தில், மதிலில். பனி, இன்னும் அந்த இடத்தைப் பொத்தியிருக்கும் ரினாத்தின் கைக்கு வருகிறது. அவர் விரல்களைச் சுற்றி, இடுக்குகளிலும் கலீனா பஞ்சை மெல்ல அழுத்துகிறார். "இனிக் கையை எடுங்கோ." அவர் எடுக்கிறார். வெண்பனிக்கு நடுவே, ஒரு கையின் அளவுக்கு, பழுப்பு அட்டை தெரிகிறது.