வாசல் சாமி

பரோட்டா வீசி வீசிக் கழன்றுபோன தோள், பதிவு அலுவலக வரிசையில் சும்மா நிற்கும்போதுதான் அதிகம் குடைந்தது. சீனாவில் பதினோரு வருடம் அடுத்தவன் கடையில் மாவு பிசைந்த ஒச்சப்பனுக்குச் சொந்தக் கடை போட உரிமம் வேண்டும். ‘முனியாண்டி மெஸ்’ என்ற பெயர் சீன எழுத்தில் இல்லையென்று மூன்று முறை திருப்பிவிட்டார்கள். இன்று வாங்காமல் நகர்வதாயில்லை.

“முனியாண்டின்னா யாரு?” என்றாள் பதிவு அதிகாரி.

தெரிந்த சீனத்தில் சொன்னான்: “எங்க காவல் சாமி. அருவாளோட வாசல்ல உக்காந்து, வெளியாளை லேசுல உள்ள விடமாட்டாரு. உங்களை மாதிரி.”

அவள் முறைத்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘வாசல் சாமி உணவகம்’ என்று தானே சீனத்தில் எழுதி முத்திரை குத்தினாள். “அடுத்து ஏழாம் ஜன்னல், தீயணைப்பு அனுமதி. அவரு சிரிக்கமாட்டாரு.”

தோளை உதறிக்கொண்டு அங்கே நடந்தான். பெயர் கிடைக்க ஊர் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட கிடாவே இன்னும் பாக்கி.