கெசியாவின் கப்

“கடவுள் வேலையிலேயே கை வைக்கிறியா சுகிர்தா? உனக்குத் துணிச்சல்தான்.”

கணவன் தனசிங் பல் துலக்கிக்கொண்டே பால்கனி வாசலில் வந்து நின்றான். சுகிர்தா நிமிரவில்லை. தொட்டியில் முளைத்திருந்த அவரைச் செடி ஒன்றை, வேர் அறுந்துவிடாமல் ஸ்பூனால் தோண்டி எடுப்பதிலேயே குறியாக இருந்தாள்.

“சும்மா இருங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். எல்லாப் பிள்ளைகளும் செடியோட கப்பைக் கொண்டுபோய் சர்ச்சுல ஆல்டர் முன்னாடி வைக்கணும். பெத்தவங்க எல்லாரும் வந்து பாப்பாங்க. கெசியா மட்டும் வெறும் மண்ணைத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா?”

தமிழ்ச் சபை நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். இந்தக் கோடைக்கு எடுத்துக்கொண்ட பாடம், படைத்தவர் கடவுள். பாடம் சொல்வதில் சுகிர்தா கெட்டிக்காரி. முதல் நாள் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, “இப்படித்தான் இருந்தது. ஒண்ணுமே இல்லை. அந்த ஒண்ணுமில்லாததுல இருந்துதான் அத்தனையும் படைச்சார்” என்று அவள் சொன்னபோது வாலுப் பசங்ககூட மூச்சுவிடவில்லை. பிறகு ஆளுக்கொரு காகிதக் கப்பும் மண்ணும் ஓர் அவரை விதையும் கொடுத்தாள். நடுவது நாம், முளைக்க வைப்பது அவர் என்றாள்.

ஒரு வாரத்துக்குள் எல்லாக் கப்பிலும் பச்சை எட்டிப் பார்த்துவிட்டது. கெசியாவின் கப்பில் மட்டும் ஒன்றுமில்லை.

அப்பா போன வருஷம் தவறிப்போனதும், அம்மாவோடு கொள்ளேகாலிலிருந்து விஜயநகரில் மாமா வீட்டுக்கு வந்த குழந்தை அவள். யாரோடும் பேச்சு அதிகம் கிடையாது. ஆனால் தினமும் முதல் ஆளாக வந்து, கப்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று வகுப்பு வாலு சந்தோஷ்குமார் அந்தக் கப்பை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனூ இல்லா”, ஒன்றுமே இல்லை, என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். அதோடு விட்டானா? “கடவுளுக்கு உன்னைப் பிடிக்கலை போல” என்றும் சொல்லித் தொலைத்தான்.

சுகிர்தா அவனை அதட்டி உட்கார வைத்தாள். கெசியா அழவில்லை. “இன்னும் ஒரு நாள் இருக்குதுங்களே டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகு சுகிர்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை. படைத்தவரைப் பற்றி இத்தனை நாள் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவருக்கு உன்னைப் பிடிக்காது என்ற பாடத்தோடா வீட்டுக்கு அனுப்புவது?

“எதை எப்ப முளைக்க வைக்கணும்னு அவருக்குத் தெரியாதா?” என்றான் தனசிங், வாயைக் கொப்பளித்துவிட்டு.

“தெரியும். ஆனா இன்னிக்குப் பிள்ளைங்க வர்றதுக்குள்ள முளைக்க வைப்பாரான்னு எனக்குத் தெரியலையே.”

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் சபைக்குப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் ஈ காக்கை இல்லை. ஜன்னலோரம் இருந்த கெசியாவின் கப்பில் விரலால் அவசர அவசரமாகப் பள்ளம் பறித்து, செடியை இறக்கி, மண்ணைத் தட்டிச் சரிசெய்தாள். பார்த்தால் அங்கேயே பிறந்து வளர்ந்த செடி மாதிரிதான் இருந்தது. ‘மன்னிச்சிடுங்க ஆண்டவரே’ என்று முணுமுணுத்துவிட்டு, கையைக் கழுவ ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது ஜன்னலோரம் ஒரே கூட்டம்.

“டீச்சர், கெசியாவோடது வந்திருச்சு!” சந்தோஷ்குமார்தான் கத்தினான். நேற்று சொன்னது அவனையும் உறுத்தியிருக்க வேண்டும். அவன் முகத்தில்தான் எத்தனை நிம்மதி.

சுகிர்தா, கெசியா சிரிப்பாள் என்று காத்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கப்பைக் கையில் எடுத்து, வழக்கம்போல அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கலைந்து அவரவர் கப்பைத் தேடிப் போனதும், டீச்சரிடம் வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். சுகிர்தா குனிந்தாள்.

“இந்தச் செடிய நீங்கதானுங்களே வெச்சீங்க?”

“ஏம்மா அப்படிக் கேக்குறே?”

கெசியா கவுன் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையை விரித்தாள். முதல் நாள் கொடுத்த அவரை விதை, காய்ந்து போய், அப்படியே இருந்தது.

“நான் வெதையே போடலைங்க டீச்சர். ஒண்ணுமில்லாததுல இருந்து படைச்சாருன்னு சொன்னீங்களே. அதான், போடாட்டியும் வருமான்னு பாத்துட்டு இருந்தனுங்க.”

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது சுகிர்தாவுக்கு. இந்தக் குழந்தை இத்தனை நாளும் நம்பிக்கையோடு காத்திருந்திருக்கிறது. நம்பாதவள் டீச்சர்தான். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் கெசியா கப்பை வெளிச்சத்தில் சாய்த்து, அவரை இலையை ஒரு விரலால் மெதுவாக ஒதுக்கினாள். காகித விளிம்பை ஒட்டி, மண்ணைத் தள்ளிக்கொண்டு, கடுகளவில் இரண்டு பச்சை இலைகள் அப்போதுதான் தலையை நீட்டியிருந்தன.

“அப்ப இதுங்க? இதையும் நீங்கதான் வெச்சீங்களா?”

“இல்லைம்மா.” சொல்லும்போதே சுகிர்தாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கெசியா முதல் முறையாக முகமெல்லாம் சிரித்தாள்.

“நானும் வெக்கலைங்க டீச்சர்.”