எதிர்க்கரைக்கு வந்த வாழ்வு

ஊர்த்தலைவர் ஜம்ஹாரி சந்தோஷமாக இருமிக்கொண்டே மருத்துவமனைக்குள் நுழைந்தார். பின்னால் பாதி ஊரும் கொம்பாங் மேளத்தோடு வந்தது.

“சொல்லுங்க டாக்டர், என் சளியில புது வைரஸ் கிடைச்சுதா?”

புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டர் ரோஸ்னா மிரண்டார். “கிடைச்சா பயப்படணும், பாக் ஜம்ஹாரி!”

“எதுக்கு? போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில ஒரு புது வைரஸைக் கண்டுபிடிச்சு, எதிர்க்கரை பெரெம்பாங் ஊர் பேரை வச்சாங்க. ஊர் பிரபலமாகி, இப்ப அவங்களுக்கு டவுனுக்குப் போகப் பாலம், கிளினிக், செல்போன் டவர்! அந்த ஊர்த் தலைவன் டிவில பேட்டி வேற குடுக்கறான். நாங்க இன்னும் படகுலதான் போறோம்.”

“உங்களுக்கு வெறும் ஜலதோஷம்தான், பாக்.”

மேளக்காரர்கள் முகம் தொங்கிப்போயிற்று. அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார் ஜம்ஹாரி.

“அந்தப் பழைய வைரஸுக்குப் பேரை மாத்த முடியாதா?”

“எப்படி முடியும்? அந்த நோயாளி குடுத்த முகவரி பெரெம்பாங்தானே? ஆளைத்தான் இன்னிக்கு வரைக்கும் தேடறாங்க.”

ஜம்ஹாரி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த மூக்குதான் டாக்டர் அது! ஊர் மானம் போயிடுமேன்னு, பொய்ப் பேரும் எதிர்க்கரை முகவரியும் எழுதிக் குடுத்துட்டேன்!”