இயோவானே திருத்திய பிழை

பைபிள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்கள் தலைநகர் ஆப்பியாவில் என் அண்ணன் மகன் இயோவானே, தன் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பத் தானே ஒரு கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதினான். தேதியைப் போட்டால், ‘அப்படி ஒரு நாள் இல்லை’ என்றது.

மணப்பெண் மெலே கொதித்தாள். “டிசம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை! அதுகூடத் தெரியாத ப்ரோகிராமா? அன்னிக்குக் கல்யாணம் நடக்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், போ!”

“சின்னப் பிழைதான்டி, தலையில ரெண்டு தட்டுத் தட்டிச் சரி பண்ணிட்டேன்!”

அழைப்பு போனது. அந்த வெள்ளிக்கிழமை ஊரே தேவாலயத்தில் திரண்டது. மெலே ஆனந்தத்தில் அழுதாள். விருந்தில் சுட்ட பன்றியில் பாதியை நானே தின்றேன், பாதிரியார் சாட்சி.

எங்கள் சமோவா சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிய அந்த 2011-இல், டிசம்பர் இருபத்தொன்பது வியாழனுக்கு மறுநாள், முப்பத்தொன்று சனிக்கிழமை.