குடும்பச் சாயல்

"இது யாரு மூஞ்சி? பேரைச் சொல்லுங்கண்ணே!"

மெலித்தா தைலக் குப்பியைக் குயவன் கிலோனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுட்ட மண்ணில் செய்த அப்ரோடைட்டி, உச்சந்தலையில் அடைப்பான்.

"காதல் தேவிம்மா. உன் வீட்டுக்காரர் லைகோன் ஆசையாக் கேட்டு வாங்கிட்டுப் போனார்."

"தேவிக்கு மூக்கு கோணலா இருக்குமா? கன்னத்துல குழி வேற! யாரோ ஒருத்தியைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கீங்க. இதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குறார் அந்த மனுஷன். பேரைச் சொல்லலேன்னா இன்னைக்கே அப்பா வீட்டுக்குப் போறேன். சீதனமா வந்த கப்பலும் என்கூட வரும்."

கொரிந்துக் குயவர் தெருவில் கையைவிட நாக்கு வேகமாக ஓடுவது கிலோனுக்குத்தான். இன்று கைதான் முந்திக்கொண்டது. அலமாரித் திரையை விலக்கினான்.

தொப்பி போட்ட ஹெர்மெஸ். தலைக்கவசத்தோடு அதீனா. வில்லோடு ஆர்ட்டெமிஸ். வண்ணக் குப்பிகள் எல்லாவற்றிலும் அதே கோணல் மூக்கு, அதே கன்னக்குழி.

"ஆம்பளைச் சாமி ஹெர்மெஸுக்குமா?"

"எல்லாம் ஒரே அச்சும்மா. தொப்பி வெச்சா ஹெர்மெஸ், கவசம் வெச்சா அதீனா. எல்லாரும் ஜீயஸ் பெத்த பிள்ளைங்கதானே? குடும்பச் சாயல் இருக்காதா?"

மெலித்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பாவம், அவரைப் போய் என்ன பேச்சுப் பேசிட்டேன்! இந்த அதீனாவை அவருக்கே பரிசாக் குடுக்கப் போறேன்."

"ஐயோ, அது வேண்டாம்மா! நாலு நாள் கழிச்சு வந்து…"

அதற்குள் அவள் அதீனாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.

சூளைக்குப் பின்னாலிருந்து லைகோன் எழுந்து வந்தான். உடம்பெல்லாம் சாம்பல்.

"மச்சான், நீ தெய்வம்டா! நேத்துதான் வந்து அழுதேன். அதுக்குள்ள எல்லாச் சாமிக்கும் என் ஆளு மூஞ்சியை ஒட்டிட்டியே!"

"ஒட்டிட்டேன், சாயமும் பூசிட்டேன். சூளையில வைக்கத்தான் நேரமில்லே. எல்லாம் பச்சை மண்ணு. தண்ணி படாம இருந்தாச் சரி."

"தைலக் குப்பியில எவன்டா தண்ணி ஊத்தப் போறான்?"

"தூசியா இருந்துச்சு. ஊத்துல கழுவினேண்ணே" என்றாள், முழங்கைவரை சேறும் உள்ளங்கையில் மிஞ்சிய கோணல் மூக்குமாக வாசலில் நின்ற மெலித்தா.