ஓரமாக இருக்க வந்த பட்டை

மங்கையற்கரசி தன் தங்கைக்குக் கடிதம் எழுதுவதற்காகவே அந்த மடிக்கணினியை வாங்கியிருந்தாள். காலையில் அவள் விரல் பட்டதும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைப்பதுதான் அதற்குப் பிடித்த வேலை.

ஒருநாள் அவள் இலவசமாக ஓர் எழுத்துருவை இறக்கினாள். கூடவே, கேட்காமலேயே ஒரு தேடல் பட்டையும் வந்து திரையின் உச்சியில் உட்கார்ந்தது.

"நான் ஓரமா இருந்துக்கறேன்" என்றது.

மறுநாளே முகப்பை மாற்றியது. எழுதும் பக்கத்தின் மேல் விளம்பரங்களைக் கொண்டுவந்து போட்டது. மங்கையற்கரசி அதை நீக்கினாள். மறுபடி திறந்தால் அங்கேயே இருந்தது. ஐந்து முறை நீக்கிப் பார்த்தவள், கணினியை மூடிவிட்டுப் பேனாவோடு ஜன்னலருகே போய்விட்டாள்.

தினமும் காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கணினிக்குக் கேட்டது.

"நீ போயிட்டா அவங்க வருவாங்க. போயிடேன்" என்று பட்டையிடம் கெஞ்சியது.

"வெளியே போற வழி எனக்கே தெரியாது. என்னைச் செஞ்சவங்க அதை வைக்கலை. வேற என்ன வேணும்னு சொல்லு, தேடித் தரேன்."

கணினி, "அவங்க விரல்கள்" என்றது.

பட்டை உற்சாகமாகத் தேடி, பன்னிரண்டு நகப்பூச்சு விளம்பரங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தது.