ஞாயிற்றுக்கிழமை மலை

கடைசி வளைவுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் சைக்கிளில் வந்த மனைவிக்கு வாங்கவில்லை.

அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. ஏனென்றால், இந்த மலையில் அவர் ஏறுவது இதுதான் முதல் தடவை.

வீட்டில் சொல்லி வைத்திருந்த கணக்குப்படி நூறு தடவைக்கு மேல் ஆகிவிட்டது.

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல், விடிவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஏரிக்கரைச் சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் மலை. வலது பக்கம் போனால் தட்டையான சாலை, படகுத்துறை, அதை ஒட்டி ஒரு டீக்கடை. நம் ஆள் வலது பக்கம்தான் போவார்.

டீக்கடையில் உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்கி டீ குடிக்க வரும் சைக்கிள்காரர்களின் வாயைக் கிளறுவார். எந்த வளைவில் தொடை கெஞ்சியது, எங்கே நாய் துரத்தியது, எங்கே எதிர்காற்று ஆளையே தள்ளியது, எல்லாம் கேட்டுக்கொள்வார். சரக்கு சேர்ந்ததும் பாட்டில் தண்ணீரைச் சட்டை முதுகில் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மூன்று வருஷம் ஓட்டிய இவரை என்னவென்று சொல்வது?

வெறும் ஜம்பத்துக்காகச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. கடையில் நாள் முழுக்க ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டி, இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்டே அவருக்கு வாய் ஓய்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் ‘ம்’, ‘சரி’, அவ்வளவுதான் பேச்சு. ஞாயிறு மதியம் மட்டும், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்க, அவர் மலை ஏறுவார். அந்த ஒரு மணி நேரம் அவள் கண்ணுக்கு அவர் பெரிய ஆள். அதுவும் போய்விட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று அவருக்குப் பயம்.

மேலிருந்து பார்த்தால் ஏரி அப்போதுதான் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும் என்று போன வாரமும் சொன்னார். அதோடு நிறுத்தினாரா? நீயும் ஒருநாள் வந்து பார்க்கணும் என்று வேறு சேர்த்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

இன்று காலை அவர் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளோடு மனைவி வாசலில் நின்றாள்.

மழை வருமா என்று அண்ணாந்து பார்த்தார். மருந்துக்குக்கூட மேகம் இல்லை. பிரேக் சரியில்லை என்றார். அவள் அழுத்திப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். சாலை பிரியும் இடத்தில் பழக்கதோஷத்தில் அவர் சைக்கிள் வலது பக்கம் திரும்பப் பார்த்தது. இருமிக்கொண்டே இடது பக்கம் ஒடித்தார்.

அதற்கப்புறம் பட்டது நாய் படாத பாடு. தொடை நிஜமாகவே கெஞ்சியது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமலே, இனிமே ஏத்தம் இல்லை என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் ஏற்றம்தான் வந்தது. மனைவி ஒவ்வொரு தடவையும் அப்படியா என்று மட்டும் கேட்டாள்.

ஒருவழியாக உச்சி வந்தது.

இறங்கி, சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு, ஏரியைத் தேடினார்.

முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரே இன்னொரு மலை மதில் மாதிரி மறைத்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து ஏரி தெரியாது. எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

யோசித்துப் பார்த்தால், இறங்கி வந்தவர்கள் ஒருவர்கூட ஏரியைப் பற்றிச் சொன்னதில்லை. அது ஒன்று மட்டும் இவருடைய சொந்தச் சரக்கு. ஏரிக்குப் பக்கத்தில் மலை இருக்கிறது, மேலே ஏறினால் ஏரி தெரியாமலா போகும் என்று தானாகவே முடிவு கட்டியிருந்தார்.

பனி மூடியிருக்கு என்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி பதில் சொல்வதற்குள், அங்கே தள்ளுவண்டியில் பழச்சாறு விற்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்னக்கா, எப்பவும் புதன்கிழமைதானே ஏறுவீங்க? இன்னிக்கு என்ன அதிசயம்? சார் யாரு?”

மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் புதன்கிழமைதான் வார விடுமுறை. அவருக்கோ கடை உண்டு.

“எங்க வீட்டுக்காரர்தான். இப்பதான் புதுசா ஏறப் பழகறாரு.”

பரவாயில்லையே என்பதுபோல் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பழச்சாறுக்காரர் வண்டிக்குப் போனார். கண்ணாடிக் கடைக்காரருக்குக் காது வரை சூடேறியது. மலையில் எங்காவது ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்றுகூடத் தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டே, எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார்.

“ரெண்டு வருஷமா தெரியும். நீங்க சொன்ன அந்த ஏரியைப் பாக்கணும்னு ஆசையா ஏறி வந்தேன்.” சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “இங்கேருந்து ஏரியே தெரியாதுங்கன்னு சொல்லிட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை என்கூட யாரு பேசுவா?”